குனிந்து எடுக்கிற பாட்டில்

அன்புள்ள வார்னிஷுக்கு,

உன் பிரைமர் எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. நீயும் மகளும் மாப்பிள்ளையும் பேரப்பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் நேராகத் திட்ட ஆரம்பிக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை குடித்த கழுதைப் பட ஒயின் பாட்டிலைப் பற்றி நீ எழுதியது நேற்று வந்தது. கறுப்புத் திராட்சை, கொஞ்சம் மிளகு, விழுங்கியபின் நாக்கின் அடியில் கோகோ வாசனை என்று ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கிறாய். எனக்கு என்ன வந்தது என்று என் கடிதத்தில் இதற்குள் பார்த்திருப்பாய். துருப்பிடித்த ஆணியை ஊறவைத்த தண்ணீர். அதே கடையின் உங்கள் ஊர்க் கிளை, அதே கழுதைப் படம், அதே வருஷம். நீ குடித்தால் கோகோ, நான் குடித்தால் ஆணி. உன் கடிதத்தை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று சொல்லிவிட்டு, கழுதை என்றது லேபிளில் இருப்பதை இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

எனக்குக் கடுப்பாக இருக்கிறது. நாம் என்ன, பெரிய மனிதர்கள் குடிப்பதையா கேட்டோம்? நிமிர்ந்து நின்றால் கண்ணுக்கு நேரே இருக்கிற பாட்டில் பணக்காரனுக்கு, குனிந்து எடுக்கிற பாட்டில்தான் நமக்கு என்று சட்டம் போட்டதே நீதான். நானும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாராவாரம் குனிகிறேன். மஞ்சள் கோடு போட்டது வினிகர். படகுப் படம் போட்டது சர்க்கரைப் பாகு. போன மாதம் திருகு மூடி போட்ட ஒன்றை வாங்கினேன், கண்ணை மூடிக்கொண்டு மோந்தால் நம் கம்பெனி தின்னர் அறைக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. ஆயுசு முழுக்கப் பெயிண்டை மோந்த மூக்கு, இனி இதற்குமேல் அதற்கு எதுவும் தெரியாது போலிருக்கிறது. நீயும் அதே அறையில் அதே பெயிண்டைத்தான் மோந்தாய். உன் மூக்கு மட்டும் எப்படித் தப்பித்தது என்று தெரியவில்லை.

கூட உட்கார்ந்து ருசி பார்க்கவாவது ஒழுங்கான ஆள் உண்டா? நீ ஊரைவிட்டுப் போனபிறகு மச்சினனைக் கூப்பிட்டேன். அவன் டம்ளர் நிறைய ஐஸ் போட்டுக்கொண்டு, அதன்மேல் சோடாவையும் ஊற்றி, இப்பத்தான் அத்தான் நல்லா இருக்கு என்கிறான். கீழ்வீட்டுத் தையல்மெஷின் ரிப்பேர்காரரைக் கூப்பிட்டேன். அவருக்குச் சிவப்பு ஒயின் எல்லாம் இருமல் மருந்து, வெள்ளை எல்லாம் காய்ச்சல் மருந்து. குடித்துவிட்டு, வேளைக்கு எத்தனை ஸ்பூன் என்று கேட்கிறார். நான் வாயில் வைத்துக் கொப்பளித்துக் கிண்ணத்தில் துப்பினால் மனைவிக்குப் பொறுக்கவில்லை. துப்புறதுக்கா காசு குடுத்து வாங்கறீங்க, குடிக்கிறவனைக்கூடப் புரிஞ்சுக்கலாம் என்கிறாள். இத்தனைக்கும் நடுவில் உட்கார்ந்து நான் உனக்கு என்னத்தை எழுதுவது?

கம்பெனியில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. நமக்கு வார்னிஷ், பிரைமர் என்று பட்டப்பெயர் வைத்தவர்கள்கூட இப்போது அங்கே இல்லை. ஷேடு செக்ஷனில் உன் மேஜையை எடுத்துவிட்டு ஒரு பீரோவை வைத்துவிட்டார்கள். சாப்பாட்டு வேளையில் நான் அந்தப் பீரோவைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறேன். இன்னும் ஒரு வருஷம் தள்ளினால் எனக்கும் ரிட்டயர்மெண்ட்.

நீ கொடுத்துவைத்தவன். உன் மனைவி, எனக்குத் தங்கச்சியாக இருந்தவள், போய்ச் சேர்ந்தபிறகு வீட்டை விற்றுவிட்டு நீ மகள் வீட்டுக்குக் கிளம்பியபோது உள்ளுக்குள் எனக்குப் பயம்தான். ஆனால் தனி அறை, தோட்டத்தைப் பார்த்த ஜன்னல், ஜன்னலுக்குக் கீழே பாட்டில்களைப் படுக்கப்போட ஒரு தட்டு என்று நீ எழுதியதைப் படித்தபிறகு நிம்மதி வந்தது. எனக்குப் பாட்டில் வைக்க ஹாலில் அலமாரிக்குப் பின்னால்தான் இடம், அதுவும் மனைவியின் கருணையில்.

மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். போனில் பேசினால் ஒருத்தன் சொன்னதற்கு இன்னொருத்தன் ஆமாம் போட்டுவிடுவான் என்றுதானே இந்தக் கடித ஏற்பாட்டையே செய்தோம். ஒரே ஞாயிறு, ஒரே பாட்டில், மறுநாள் தபால், அடுத்தவன் கடிதம் வருவதற்குள் தன் கடிதத்தைப் போட்டுவிட வேண்டும். நமக்கு நடுவில் மிச்சம் இருப்பது இது ஒன்றுதான். இதுவும் என் மூக்கோடு போய்விட்டால் அப்புறம் நான் உனக்கு எழுத என்ன இருக்கிறது? பண்டிகைக்கு ஒரு வாழ்த்து, சாவுக்கு ஒரு தந்தி என்று ஆகிவிடுவோமோ என்று கவலையாக இருக்கிறது.

சரி, வருகிற ஞாயிறுக்குச் சேவல் படம் போட்ட பாட்டில். வெள்ளை ஒயின். கறுப்புக் கண்ணாடி பாட்டில், வெள்ளை வரிசையில் கடைசியில் நிற்கிறது. இன்றைக்கே வாங்கிவந்து காகிதப் பையோடு அலமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டேன். இதாவது தேறுகிறதா பார்ப்போம்.

பேரப்பிள்ளைகளுக்கு என் அன்பு. முட்டிவலி எப்படி இருக்கிறது என்று எழுது.

உன்,
பிரைமர்

*

வார்னிஷ்,

அன்புள்ள என்று போட வரவில்லை, போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மச்சினன், ரிப்பேர்காரர் எல்லாரும் உட்கார்ந்திருக்க, சேவல் பாட்டிலின் கார்க்கைப் பிடுங்கி வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றினேன். கருஞ்சிவப்பு. நம் கம்பெனியில் கேட்டுக்கும் கிரில்லுக்கும் அடிக்கிற அந்த ரெட் ஆக்சைடு. கடையில் எவனோ இடம் மாற்றி வெள்ளை வரிசையில் வைத்திருக்கிறான். கறுப்புக் கண்ணாடி என்பதால் வாங்கும்போது எனக்கும் தெரியவில்லை, லேபிளையும் படிக்கவில்லை. மறுநாளே கடைக்குப் போய்க் கேட்டேன். அந்தச் சேவல்காரர்கள் வெள்ளை ஒயின் போடுவதே இல்லையாம். எந்த ஊர்க் கிளையிலும் கிடையாதாம்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஷேடு செக்ஷனில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் நிறம் சொல்கிறவனுக்குச் சிவப்பும் வெள்ளையும் தெரியவில்லையா என்று நீ கிழிகிழியென்று கிழித்து எழுதப்போகிறாய், அந்தக் கடிதம் எப்போது வரும் என்று, நம் விதியையும் மீறி என் கடிதத்தைப் போடாமல் காத்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் ஆசையாகத் தபால்பெட்டியைத் திறந்தேன்.

நீ என்ன எழுதியிருக்கிறாய்? வெளிர் மஞ்சள். ஜன்னல் வெளிச்சத்தில் வெள்ளைத் துணிக்கு முன்னால் பிடித்தால் ஓரத்தில் ஒரு பச்சைச் சாயல். எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள், மழை நின்றதும் கல்லில் வருகிற வாசனை. இத்தனை நாளில் குனிந்து எடுத்ததிலேயே இதுதான் முதல் தரம் என்று ஒன்றரைப் பக்கம். ஏண்டா, யாரிடம் விடுகிறாய் கதை? இல்லாத ஊருக்கு வழி கேட்டால் தெரியாது என்று சொல்லலாம். நீ அந்த ஊரில் என்ன கடை இருக்கிறது, எந்த மரம் பூத்திருக்கிறது என்பதுவரை சொல்கிறாய்.

இந்த ஒரு பாட்டில்தானா, இல்லை எல்லாமேவா? கழுதையில் வந்த கோகோவும் கதைதானா? உன் கடிதத்தைப் படித்துவிட்டு என் மூக்கு செத்துவிட்டது, நாக்கு மரத்துவிட்டது என்று நான் டாக்டரிடம் போய் வாயைத் திறந்து காட்டிவிட்டு வந்தேன். இரண்டு தெரு தள்ளி இருக்கிற காது மூக்கு டாக்டர். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு மூக்கில் ஒன்றுமில்லை, வயசுதான் என்றார். உன்னால் எனக்கு வயசாகிவிட்டது என்ற பெயரும் வந்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாய், சரி. என்னிடம் ஏன் மறைத்தாய்? அதற்கு மட்டும் பதில் எழுது. உண்மையை எழுதத் தைரியம் இல்லாவிட்டால் எழுதவே வேண்டாம்.

பிரைமர்

*

அன்புள்ள வார்னிஷுக்கு,

போன கடிதத்தைக் கோபத்தில் எழுதி, கோபம் ஆறுவதற்குள் தபாலில் போட்டுவிட்டேன். மறுநாள் வரைக்கும் வைத்திருந்து அப்புறம் போடுங்க என்று மனைவி சொன்னாள். நான் என்றைக்கு அவள் பேச்சைக் கேட்டேன்? உன்னிடமிருந்து பதில் இல்லை. முதல் ஞாயிறு போயிற்று, சரி, ரோஷம் என்று நினைத்தேன். அதற்கடுத்த ஞாயிறும் போயிற்று. உன் போனுக்கு அடித்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுக்கவில்லை. எழுதவே வேண்டாம் என்று நான் எழுதியதை நிஜமாகவே எடுத்துக்கொண்டாயா என்று பயம் வந்துவிட்டது. அதனால் நேற்று உன் மகளுக்குப் போன் செய்தேன்.

பயப்படாதே. உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. சும்மா நலம் விசாரிக்கிற மாதிரித்தான் பேசினேன். உன் மகள் நல்ல பெண். எடுத்த எடுப்பில் மாமா நல்லா இருக்கீங்களா, அத்தைக்குச் சர்க்கரை எப்படி இருக்கு என்று கேட்டாள். அப்பா எப்படி இருக்கிறான் என்றேன். அவளாகவே சொன்னாள். அப்பா இங்க வந்ததிலேருந்து ஒரு சொட்டுக்கூடத் தொடலை மாமா, பசங்க இருக்கிற வீடு, என் வீட்டுக்காரருக்கும் பிடிக்காது, அப்பாவே புரிஞ்சுக்கிட்டு விட்டுட்டார் என்று பெருமையாகச் சொன்னாள். ஓ அப்படியா, ரொம்ப நல்லது என்றேன். வேறென்ன சொல்வது?

அப்புறம் சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமையானால் நீ மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போய்விடுவாயாம். குனிந்து குனிந்து பாட்டிலை எடுத்துப் பின்பக்கம் ஒட்டியிருக்கிறதைப் படித்துவிட்டு, வைத்துவிட்டு வருவாயாம். கடைக்காரன் ஒருநாள் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, உங்க மாமனார் வாங்காமலேயே இவ்வளவு நேரம் நிக்கிறாரே, ஏதாவது பிரச்னையா என்று கேட்டிருக்கிறான். மாப்பிள்ளைக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டதாம். இனிமே அங்க போய் நிக்காதீங்கப்பான்னு சொல்லிட்டோம் மாமா, அப்பாவும் சரின்னுட்டார் என்றாள். எப்போது என்று கேட்டேன். அவள் சொன்ன நாள், நான் சேவல் பாட்டிலை எழுதிய வாரம்.

லேபிளைப் படித்தாவது கழுதைக்குக் கோகோ போட்டாய். சேவலுக்கு அந்த லேபிளும் கிடைக்கவில்லை. அதனால் எல்லாவற்றையும் நீயே உண்டாக்கிக்கொண்டாய், அப்படித்தானே?

இவ்வளவு நேரம் பேசிவிட்டு, அப்பாவை அவன் அறையில் போய்க் கூப்பிடம்மா, ஒரு வார்த்தை பேசுகிறேன் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. எந்த ரூம் மாமா, அப்பா ஹால்லதானே படுத்துக்கறார், பசங்க டிவி பார்த்து முடிச்சதும் சோபாவை விரிச்சுக் குடுத்துடுவோம், இப்போ கீழ எங்கேயோ நடக்கப் போயிருக்கார் என்றாள். நான் போனை வைத்துவிட்டேன். கோபம் எல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை, அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். மனைவி பயந்துபோய் யாருக்கு என்ன ஆச்சு என்று ஓடிவந்தாள்.

எனக்கு ஆத்திரமாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் யார்மேல் காட்டுவது? உன் மகள்மேலா? அவள் உனக்கு வேளைக்குச் சாப்பாடு போடுகிறாள், முட்டிக்கு மருந்து வாங்கித் தருகிறாள், ஒரு நாளும் முகம் சுளித்திருக்க மாட்டாள். மாப்பிள்ளை அவன் வீட்டில் அவன் முறை வைத்திருக்கிறான். அதிலும் தப்பில்லை. யாரும் ஒரு தப்பும் செய்யாமலே உனக்கு உட்கார ஒரு இடம் இல்லாமல் போய்விட்டது, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். குடிக்காவிட்டால் செத்துப்போக மாட்டாய், எனக்குத் தெரியும். கடையில் நின்று படிக்கவும் கூடாது என்றபோது நீ சரி என்று சொல்லியிருக்கிறாயே, அந்தச் சரிதான் எனக்குத் தாங்கவில்லை. கம்பெனியில் ஒரு ஷேடு அரைப் புள்ளி தள்ளிப்போனால் மேனேஜர் என்றும் பார்க்காமல் டப்பாவைத் திருப்பி அனுப்பியவன் நீ.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எழுந்துபோய் மகன் அறையைத் திறந்தாள். அவன் கல்யாணமாகிப் போனதிலிருந்து அதில் இஸ்திரி மேஜையும் பழைய மெத்தையும் கிடந்தன. இரண்டையும் நான்தான் இழுத்து வெளியே போட்டேன், முதுகு பிடித்துக்கொண்டது. அண்ணனை வரச் சொல்லுங்க, மகள் வீட்டை விட்டுட்டு வான்னு கூப்பிட வேண்டாம், அது பொண்ணு மனசுக்குக் கஷ்டமா இருக்கும், பத்து நாள் எங்களோட இருந்துட்டுப் போன்னு கூப்பிடுங்க, பத்து நாள் எத்தனை நாளா ஆகுதோ ஆகட்டும் என்றாள். ஆனால் ரெண்டு பேரும் சேர்ந்து என் பாத்திரத்துல துப்பினா நான் சும்மா இருக்க மாட்டேன் என்றும் சொல்லச் சொன்னாள். சொல்லிவிட்டேன்.

அறை சின்னதுதான். தோட்டம் எல்லாம் தெரியாது, எதிர் மாடியில் காய்கிற துணிதான் தெரியும். கதவு இருக்கிறது. உள்ளேயிருந்து தாழ் போட்டுக்கொள்ளலாம். மகளிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினால் நான் பேசுகிறேன். எனக்கு முதுகு சரியில்லை, துணைக்கு ஆள் வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். அது பொய்யும் இல்லை.

நீ போனதிலிருந்து நான் திறந்த ஒரு பாட்டிலும் நன்றாக இல்லை. கடையைத் திட்டினேன், கார்க்கைத் திட்டினேன், மச்சினன் ஐஸைத் திட்டினேன், கடைசியில் என் மூக்கையே திட்டினேன். ஒயினில் ஒன்றும் குறை இல்லை, எதிர் நாற்காலியில் நீங்க சண்டை போட ஆள் இல்லை, அவ்வளவுதான் என்று மனைவி ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த விஷயத்திலும் அவள்தான் சரி என்று ஆகிவிட்டது. இனி இந்த வீட்டில் என் நிலைமையை நினைத்துப் பார்.

வர முடிந்தால் வா. வர முடியாவிட்டால், உனக்கும் ஆயிரம் யோசனை இருக்கும், நான் வற்புறுத்தவில்லை. ஆனால் உண்மையை எழுது, இல்லாவிட்டால் எழுதாதே என்று எழுதினேனே, அந்த வரியைக் கிழித்துப்போட்டுவிடு. இனிமேல் எந்தப் பாட்டில் என்று நான் சொல்லப்போவதில்லை. நீ சொல்லு. அது கடையில் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. உலகத்திலேயே இல்லாவிட்டாலும் பரவாயில்லை. என்ன படம், என்ன நிறம், முதலில் என்ன வாசனை, விழுங்கினபிறகு என்ன மிஞ்சுகிறது, எல்லாவற்றையும் நீயே உண்டாக்கி எழுது. ஞாயிற்றுக்கிழமை நான் அதையே குடிக்கிறேன். குடித்துவிட்டு, நீ சொன்ன மாதிரி இல்லை, நீ ஒரு மண்ணும் தெரியாதவன் என்று வழக்கம்போல இரண்டு பக்கம் சண்டை போடுகிறேன்.

எத்தனை பொய் வேண்டுமானாலும் எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதேடா.

எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன்,
பிரைமர்